மணலைக் காணோம் பாஸ்!

எங்க ஆயா வீட்டுல ஒரே ஒரு ரூல்தான். லேட்டா வரலாம். மார்க் ஷீட்டை ஒளிச்சு வைக்கலாம். ரெக்கார்டு நோட்டு எழுதாம இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம். ஆனா, செருப்பை உதறாம மட்டும் வீட்டுக்குள்ள வரக் கூடாது. 'டேய்... மண்ணை உதறிட்டு வாடா!' - கொட்டிவாக்கத்தில் எனக்குக் கிடைக்கிற முதல் வரவேற்பே எப்பவும் இதுதான்.

போன சனிக்கிழமை சாயங்காலம் அதே வாசப்படி. பழக்கதோஷத்தில் செருப்பைக் கழட்டித் தட்டினேன். தட்டினேன்... இன்னொரு தடவை தட்டினேன்... ஊஹூம்! ஒரு துளி மணல்கூட விழலை பாஸ்! 

வழக்கமா இந்தப் பக்கத்துல உங்களை ஏதாவது ஒரு ஏரியாவுக்குக் கூட்டிட்டுப் போய், டீக்கடை, பஜ்ஜிக் கடை, பழைய தியேட்டர்னு சுத்திக் காட்டுவேன். இந்த வாரம் லைட்டா ஒரு சேஞ்ச். காணாமப் போன மணலைத் தேடி ஒரு ஈவ்னிங் வாக். என்கூட 78 வயசு கைடு ஒருத்தரும் வர்றார். மெதுவாத்தான் நடப்பார். நீங்களும் கொஞ்சம் ஸ்பீடைக் குறைச்சுக்கோங்க.

ஸ்டாப்பிங் 1: ஈ.சி.ஆர்.

திருவான்மியூரில் இறங்கி, வால்மீகி கோயிலைத் தாண்டித் தெற்கால நடந்தால் கொட்டிவாக்கம். அடுத்து பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம்னு வரிசையா வரும். மேப்பை மனசுல விரிச்சுக்கோங்க. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். கிழக்கே வங்காள விரிகுடா. நடுவுல ஒல்லியா, நீளமா ஒரு மணல் மேடு. அவ்ளோதான் ஊர். அந்த மணல் மேட்டு மேலதான் ஈ.சி.ஆர். ஓடுது.

எங்க தாத்தா 1986-ல் இங்க ஒரு கிரவுண்டு வாங்கினார். சொந்தக்காரங்க எல்லாம் சிரிச்சாங்களாம். 'ஊர்ல இவ்ளோ இடம் இருக்க, மணல் காட்டுல போய் மனை வாங்கியிருக்கான் பாரு'ன்னு. திருவான்மியூரோட ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திடுவாங்க. அதுக்கு மேல வரணும்னா ரிட்டர்ன் காசும் சேர்த்துக் குடுக்கணும். தெருவுல லைட் கிடையாது. சவுக்குத் தோப்பும், காத்தும், தூரத்துல அலைச் சத்தமும்தான்.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. 2000-ல் தரமணியில் டைடல் பார்க். 2002-ல் ஈ.சி.ஆர். பளபளன்னு டோல் ரோடாச்சு. 2004-ல் பறக்கும் ரயில் திருவான்மியூர் வரைக்கும் நீண்டுச்சு. 2011-ல் கொட்டிவாக்கம் ஊராட்சி சென்னை மாநகராட்சியோட சேர்ந்துச்சு. அந்த ஒரே வருஷத்துல 174 சதுர கிலோமீட்டரா இருந்த மாநகராட்சி, 426 சதுர கிலோமீட்டரா ஊதிடுச்சு!

எங்க ஆயா ஒரு கெத்து வெச்சிருக்காங்க, கேளுங்க. 'நான் வீட்டை விட்டு நகரவே இல்லடா. ஆனா, மூணு மாவட்டத்துல வாழ்ந்துட்டேன்.' நெஜம்தான். மனை வாங்கும்போது செங்கல்பட்டு மாவட்டம். 1997-ல் அது பிரிஞ்சு காஞ்சிபுரம் மாவட்டம். 2018-ல் சோழிங்கநல்லூர் தாலுகாவோட சேர்ந்து சென்னை மாவட்டம். விலாசத்துல பேர் மாறிட்டே இருக்க, கதவு நம்பர் மட்டும் அப்படியே!

அந்தக் கதவு நம்பருக்கும் இப்ப நாள் குறிச்சாச்சு. திங்கட்கிழமை பில்டரோட கையெழுத்து. ஜாயின்ட் வென்ச்சர். வீட்டை இடிச்சு, கீழே கார் பார்க்கிங், மேலே ஃப்ளாட்டுங்க. எங்க பங்குக்கு ரெண்டு ஃப்ளாட். அப்பாவுக்கு சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்லக் கூடாது. லிஃப்ட் வரும், அட்டாச்டு பாத்ரூமோட தனி ரூம் வரும். ஆயா மட்டும் ஒரு வாரமா சரியாப் பேசலை. 'கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை கடலைப் பார்த்துட்டு வரலாம், கூட்டிட்டுப் போடா'ன்னு போன் பண்ணாங்க. அதான் வந்தேன். அதான் செருப்பைத் தட்டினேன்.

ஸ்டாப்பிங் 2: கிணத்தடி

கிளம்பறதுக்கு முன்னாடி, வீட்டுப் பின்பக்கம் ஒரு எட்டு பார்த்துடுங்க. உறைக்கிணறு. சிமென்ட் உறைகளை ஒண்ணு மேல ஒண்ணா மணல்ல இறக்கிக் கட்டுவாங்களே, அது. மொத்தமே 15 அடிதான் ஆழம். நான் சின்னப் பையனா இருந்தப்ப, எக்கிப் பார்த்தாலே தண்ணியில என் மூஞ்சி தெரியும்.

கடல் இந்தா இருக்கு. சத்தமே கேட்குது. அப்படிப்பட்ட இடத்துக் கிணத்துல தண்ணி கல்கண்டா இனிக்கும்! எப்படின்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். 'கடல் வேற, கெணறு வேறடா'ன்னு ஆயா முடிச்சிட்டாங்க. தாத்தா மட்டும், 'மழைத் தண்ணி கனம் கம்மி. அதான் மேல நிக்குது'ன்னார்.

தாத்தா சொன்னதுதான் பின்னால செகண்ட் இயர்ல பாடமா வந்துச்சு. பேர் என்னமோ வாயில நுழையாத கிபன் - ஹெர்ஸ்பெர்க் தத்துவம். மேட்டர் ரொம்ப சிம்பிள். ரசத்துல தெளிவு மேலயும், மண்டி கீழேயும் நிக்குது இல்லையா? அதே மாதிரி கடலோர மணலுக்குள்ள மழைத் தண்ணி மேலயும், கடல் தண்ணி கீழேயும் நிக்குது. கடல் தண்ணி, நல்ல தண்ணியை விட நூத்துக்கு ரெண்டரை பங்குதான் கனம் ஜாஸ்தி. அந்தக் கணக்கைப் போட்டா, கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நின்னா, கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும். மணலுக்கு அடியில மிதக்குற குளம்!

சூப்பர்ல? ஆனா, இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. மேல 1 அடி குறைஞ்சா, காலப்போக்குல கீழே இருந்து உப்புத் தண்ணி 40 அடி ஏறும். போர் போட்டு உறிஞ்சினாலும் குறையும். மழை உள்ள இறங்காட்டியும் குறையும். நாம ரெண்டையும் செஞ்சோம். திருவான்மியூர்லேருந்து கோவளம் பக்கம் வரைக்கும் கடலோரமா இருக்கிற மணல் நீர்த்தேக்கத்தோட மொத்தக் கதையும் இதுதான்.

எங்க கிணறு எப்ப உப்பாச்சுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தேதி தெரியலை. ஒரு வெயில் காலத்துல டீ ஒரு மாதிரி இருந்துச்சாம். அடுத்த வருஷம் பருப்பு வேகலை. அதுக்கடுத்த வருஷம் கேன் தண்ணி வந்துடுச்சு. பத்து வயசுல நாங்க தாம்பரம் பக்கம் குடி போனப்ப, அந்தக் கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ மட்டும்தான்.

புது பிளான்ல அந்தக் கிணறு இருக்கிற இடம் 'கார் பார்க்கிங் - 4'.

ஸ்டாப்பிங் 3: தெரு

ஆயா என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. கிளம்பிட்டோம்.

'இங்க ஒரு பூவரச மரம் இருந்துச்சு...' 'இங்கதான் உங்க அப்பன் சைக்கிள்லேருந்து வுழுந்தான்...' 'அதோ அந்த அபார்ட்மென்ட் இருக்குது பாரு, அங்க முழுக்க சவுக்கு. சுள்ளி பொறுக்கப் போவோம்...' அடிக்கு ஒரு தரம் நின்னு நின்னு ஆயா சொல்லிட்டே வந்தாங்க. எனக்கோ, என்னோட லிஸ்ட் தனியா ஓடிட்டு இருந்துச்சு. கில்லி ஆடின மூலை. பட்டம் மாட்டின கம்பம். 'இராவணன் மீசை'யைத் துரத்தின மேடு.

இராவணன் மீசை தெரியுமா? கடற்கரையில் வளர்ற முள்ளுப் புல். அதோட விதை, முள்ளுப் பந்து மாதிரி உருண்டையா இருக்கும். காத்தடிச்சா கழண்டு, மணல்ல டிங்கு டிங்குன்னு குதிச்சு ஓடும். நாங்க ஆளுக்கு ஒண்ணு பிடிச்சு, கோடு போட்டு ரேஸ் விடுவோம். ஜெயிச்சவனுக்குக் கமர்கட். பேட்டரி வேணாம், சார்ஜர் வேணாம், காத்து மட்டும் போதும்!

இப்ப அந்தத் தெரு முழுக்க பேவர் பிளாக். நடுவுல தார். காம்பவுண்டுக்குக் காம்பவுண்ட் டைல்ஸ். சுவர் ஓரமா முளைச்ச ஒரு அருகம்புல் கூடக் கிடையாது. நான் சூடாயிட்டேன். 'பாரு ஆயா... இந்த பில்டருங்க எல்லாம் சேர்ந்து மண்ணையே விட்டு வெக்கலை. ஒரு சாண் இடம் கூட...'ன்னு மைக் இல்லாத மேடையில முழங்க ஆரம்பிச்சேன்.

ஆயா நின்னாங்க. 'நம்ம வாசல்ல சிமென்ட் யாருக்காகப் போட்டோம், தெரியுமா?'

தெரியாதுன்னேன்.

'உனக்காகத்தான்.'

ஞாபகம் வந்துடுச்சு பாஸ்! 2013. எனக்கு எட்டு வயசு. பிறந்த நாளுக்கு சைக்கிள் வந்துச்சு. மணல்ல அது நகரவே மாட்டேன்னுச்சு. சக்கரம் புதையுது, நான் விழறேன், அழறேன். ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாவது நாள் தாத்தா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தார். வாசல்லேருந்து கிணத்தடி வரைக்கும் வழவழன்னு சிமென்ட். சாயங்காலமே ஈரத்துல என் பேரைக் குச்சியால எழுதினேன். அது இன்னும் அழியாம இருக்கு.

ஒரு வாசல் சிமென்ட்டால கிணறு உப்பாயிடாது. அது எனக்கும் தெரியும், ஆயாவுக்கும் தெரியும். ஆனா, எங்க தெருவுல 60 வீடு. எல்லா வீட்டுலயும் ஒரு பேரன் இருந்திருப்பான். இல்லேன்னா புதுசா ஒரு கார் வந்திருக்கும். கல்யாணத்துக்குப் பந்தல் போட இடம் வேணும்னு இருந்திருக்கும். ஒருத்தரும் தப்பு பண்ணணும்னு பண்ணலை. மழை பேஞ்சா இறங்குறதுக்கு இடமில்லாமப் போச்சு.

அதே 2013 பிப்ரவரியில்தான், இதே ஈ.சி.ஆர்.ல் மகாபலிபுரத்துக்கு முன்னாடி நெம்மேலியில் கடல் தண்ணியைக் குடிதண்ணியா மாத்துற ஆலை திறந்தாங்க. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் பக்கத்துலயே இன்னொண்ணு, 15 கோடி லிட்டர். தென்சென்னைக்கு அது அவசியம்தான். ஆனா, காமெடியைப் பாருங்க. வானத்துலேருந்து இலவசமா வர்ற நல்ல தண்ணியைக் கடலுக்கு அனுப்பிட்டு, அதே கடல் தண்ணியைக் கரன்ட் செலவு பண்ணி உப்பெடுத்து, குழாய் போட்டு வீட்டுக்குக் கொண்டு வர்றோம்.

2015 டிசம்பர்ல வேளச்சேரி பக்கம் போட் விட்டாங்க, ஞாபகம் இருக்கும். அன்னிக்கு எங்க தெருவுல சிமென்ட் போட்ட வீடுங்க முன்னாடி மட்டும்தான் தண்ணி நின்னுச்சு. மணலா இருந்த இடத்துல, மழை விட்ட கொஞ்ச நேரத்துல குடிச்சு முடிச்சிடுச்சு. இந்த மணலோட மகிமை புரிஞ்ச ஏரியாக்காரங்களும் இருக்காங்க. ஜெர்மன் வங்கிக் கடன்ல ஈ.சி.ஆர். ஓரமா மழைநீர் வடிகால் கட்டுற திட்டம் வந்தப்ப, 2020-ல் குடியிருப்போர் சங்கங்கள் எழுந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 'தண்ணி தானா இறங்குற மணல்ல, அதைப் பிடிச்சுக் கடல்ல கொண்டுபோய் விட எதுக்கு கான்க்ரீட் கால்வாய்?' விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு.

ஸ்டாப்பிங் 4: குப்பம்

கொட்டிவாக்கம் குப்பத்துக்குள்ள நுழைஞ்சதும்தான் கால்ல முதல் மணல் பட்டுச்சு. ஆயா செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாங்க. நானும்.

வலைக் குவியல் பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சட்டுனு எழுந்துட்டாங்க. 'யக்கா! இன்னா யக்கா... இந்தப் பக்கமே காணோம்?' எங்க வீட்டுக்குப் பல வருஷமா மீன் கொண்டு வந்தவங்க. காலையில ஏழு மணிக்கு அன்னக்கூடையோட வாசல்ல உட்கார்ந்து, 'காரப்பொடி இருக்குது, நெத்திலி இருக்குது'ன்னு குரல் குடுப்பாங்க. வியாபாரத்துக்கு முன்னாடி ஒரு சொம்பு கிணத்துத் தண்ணி வாங்கி, அண்ணாந்து கடகடன்னு குடிப்பாங்க. எனக்கு அந்தச் சத்தம்கூட ஞாபகம் இருக்கு.

'வீட்டை இடிக்கப் போறாங்களாமே?'ன்னாங்க.

'ஆமாம்மா'ன்னாங்க ஆயா.

'கெணறு?'

ஆயா பதில் சொல்லலை. அந்தம்மாதான் என்கிட்ட திரும்பினாங்க. 'தம்பி, சுனாமிக்கு அப்பால எங்க பைப்பு எல்லாம் உப்பு. உங்க ஆயா வூட்டுக் கெணறும் உப்பு. ஆனா, உங்க தாத்தா இன்ன பண்ணாரு தெரியுமா? ஆளை வுட்டு மொத்தத் தண்ணியும் எறைச்சாரு. திரும்பவும் எறைச்சாரு. அப்பால மழை வந்துச்சு. அடுத்த வருஷம் மழையும் வந்துச்சு. தண்ணி பழையபடி ஆயிருச்சு. இந்தக் குப்பத்துல பாதிப் பேரு அங்கதான் கொடம் எடுத்தாந்தோம்.'

2004 டிசம்பர் 26. ஞாயித்துக்கிழமை காலை. நான் அப்ப பிறக்கவே இல்லை. எங்க வாசல் வரைக்கும் கடல் வந்துச்சுன்னு தெரியும். தாத்தாவும் ஆயாவும் ஈ.சி.ஆர். வரைக்கும் ஓடினாங்கன்னு தெரியும். இந்தம்மா வீட்டுக் கட்டுமரம் போச்சுன்னும் தெரியும். நிவாரணத்துல ஃபைபர் போட்டுங்க வந்தப்புறம் கரையில கட்டுமரம் குறைஞ்சதும் தெரியும். ஆனா, கிணத்துக் கதை எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

ஆயா ரொம்ப மெதுவாச் சொன்னாங்க. 'சுனாமி உப்பு ரெண்டு மழையில போயிருச்சு. நாம சிமென்ட் போட்டப்புறம் வந்த உப்பு, எத்தனை மழை பேஞ்சும் போவல.'

நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஸ்டாப்பிங் 5: கடல்

வெயில் போய், தண்ணி சாம்பல் கலர்ல இருந்துச்சு. அடப்பங்கொடி ஊதாப் பூவோட அங்கங்க படர்ந்து கிடந்துச்சு. அது மணலைப் பிடிச்சு வெக்கிற கொடி. குட்டி நண்டுங்க எங்களைப் பார்த்ததும் குழிக்குள்ள டபக்குனு பாய்ஞ்சுடுச்சு. ஆயா ஈர மணல்ல கால் நீட்டி உட்கார்ந்துட்டாங்க. 78 வயசு முகத்துல எட்டு வயசு சந்தோஷம்.

'நைட்ல காலேஜ் பசங்க டார்ச் வெச்சுக்கிட்டு நடந்து போவாங்களே, இப்பவும் வர்றாங்களா?'ன்னு கேட்டாங்க.

இது உங்களுக்கான மேட்டர், அதனால கொஞ்சம் நிக்கிறேன். 1988-ல் சென்னை மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் எஸ்.எஸ்.டி.சி.என். கடல் ஆமைகளைப் பாதுகாக்குற மாணவர் அமைப்பு. ஜனவரியிலேருந்து ஏப்ரல் வரைக்கும் ராத்திரியில நீலாங்கரையிலேருந்து பெசன்ட் நகர் வரைக்கும் சுமார் 7 கிலோமீட்டர் மணல்ல நடப்பாங்க. வழியில கொட்டிவாக்கம். பங்குனி ஆமை ராத்திரியில கரையேறி, ஒன்றரை அடி குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டை போட்டு, மூடிட்டுக் கடலுக்குத் திரும்பிடும். நாயும் ஆளும் எடுக்கிறதுக்கு முன்னாடி மாணவர்கள் அதைக் கண்டுபிடிச்சுப் பொரிப்பகத்துக்குக் கொண்டு போவாங்க. ஏழெட்டு வாரத்துல குஞ்சு வெளியே வந்ததும் கடல்ல விடுவாங்க.

இதுல மணல்தான் இன்குபேட்டர். ஆணா, பெண்ணானு முடிவு பண்றதுகூட அந்த மணலோட சூடுதான். சூடு ஜாஸ்தின்னா பெண், குறைவுன்னா ஆண். பொரிஞ்ச குஞ்சுக்குத் தெரிஞ்ச ஒரே வழி வெளிச்சம். ராத்திரியில எது வெளிச்சமா இருக்கோ அதுதான் கடல்னு ஓடும். ஒரு காலத்துல அது சரி. இப்ப நம்ம ஃப்ளட் லைட் பக்கம் ஓடி வந்துடுது. கடலுக்குள்ளயும் நிம்மதி கிடையாது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூத்துக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கினதைப் பார்த்திருப்பீங்க. இழுவலையில மாட்டினா, மூச்சு விட மேல வர முடியாது அதுக்கு.

இதையெல்லாம் ஆயாகிட்ட சொன்னேன். கேட்டுட்டு, ஒரு பிடி மணலை எடுத்து மெதுவா விரலிடுக்குல விட்டாங்க. 'ஆமைக்கும் மண்ணுதான். கெணத்துக்கும் மண்ணுதான். அது குடிச்சாத்தான்டா நமக்குக் குடுக்கும்'ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, 'வீட்டை இடிக்கட்டும். உங்களுக்கெல்லாம் வசதி வேணும். நான் குறுக்கே நிக்கல. அந்தக் கெணத்தை மட்டும் மூடாதீங்கன்னு உங்க அப்பன்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா, வயசான பேச்சுன்னுவான்.'

ஸ்டாப்பிங் 6: ரிட்டர்ன்

வீட்டுக்கு வந்தப்ப அப்பா பிளானை விரிச்சு வெச்சிருந்தார். நான் சொன்னேன். எதிர்பார்த்த பதில்தான் வந்துச்சு. 'அந்த உப்புக் கெணத்தை வெச்சு என்னடா பண்ணுவ? ஒரு கார் பார்க்கிங் என்ன விலை தெரியுமா?'

நாலு செமஸ்டரா நான் படிச்சது முதல் தடவையா எங்க வீட்டுல யூஸ் ஆச்சு மக்களே! பிளான் பேப்பரோட பின்பக்கமே கணக்குப் போட்டேன். ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி. அதாவது, 223 சதுர மீட்டர். சென்னையில வருஷத்துக்கு சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். பெருக்கினா, எங்க மனை மேல மட்டும் வருஷத்துக்கு 3 லட்சம் லிட்டருக்கு மேல விழுது. 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்குல 26 லாரி! எல்லாமே கிணத்துக்குப் போய்ச் சேராது, சரி. பாதின்னே வெச்சுக்கலாம். 13 லாரி.

'மழைநீர் சேகரிப்பு 2003-லேருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்ப்பா. எப்படியும் எங்கயாச்சும் குழி தோண்டித்தான் ஆகணும். 15 அடிக்குத் தோண்டி ரெடியா இருக்கிற குழியை மூடிட்டு, பக்கத்துல ஏன் புதுசா தோண்டணும்? மொட்டை மாடித் தண்ணியை வடிகட்டி இதுல விட்டா போதுமே. சுத்தி நாலடி மணலா விட்டுடலாம். ஒரே வருஷத்துல தண்ணி நல்லாயிடும்னு சொல்லலை. எத்தனை வருஷம் ஆகும்னும் தெரியாது. ஆனா, மூடிட்டா எப்பவுமே ஆகாது.'

அப்பா பேப்பரை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் வெளியே போய் போன் பண்ணார். பத்து நிமிஷம். உள்ள வந்து, 'கார் பார்க்கிங் 4 நம்ம பங்குல கழியும். காரை விக்கிறதா, தெருவுல விடறதானு அப்புறம் யோசிப்போம். உன் பைக் ஆசைக்கும் சேர்த்துதான் ஆப்பு. சரியா?'ன்னார்.

இது எனக்கு எதிர்பாராத அட்டாக். ரெண்டு வருஷக் கனவு பாஸ் அந்த பைக்! தொண்டையில என்னமோ அடைச்சுச்சு. உடனே சரின்னு சொல்லிட்டேன்னு எழுதத்தான் ஆசை. ஆனா, கொஞ்ச நேரம் எடுத்துக்கிட்டுத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை அக்ரிமென்ட்டுல கையால எழுதின ஒரு வரி சேர்ந்துச்சு. கிணறு அப்படியே இருக்கும், சுத்தி நாலடி மண் தரையா விடணும்னு. ஆயா ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க.

அட, முக்கியமான ஒண்ணை விட்டுட்டேனே... சனிக்கிழமை ராத்திரி கடற்கரையிலேருந்து திரும்பி வாசப்படியில ஏறினப்ப, என் செருப்பு நிறைய மணல். ஆயாவோட குரலுக்குக் காத்திருக்காம நானே உதறப் போனேன்.

'டேய், இங்க உதறாத. சிமென்ட்டுல கெடந்து என்ன பண்ணும்? கெணத்தடிக்குப் போய் உதறு'ன்னாங்க.

உங்களுக்கு இந்த வார ஹோம்வொர்க் ஒண்ணே ஒண்ணு. சாயங்காலம் போனைப் பாக்கெட்டுல போட்டுட்டு, உங்க தெருவை இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் நடங்க. தார், சிமென்ட், டைல்ஸ் எதுவும் போடாத வெறும் மண் எத்தனை அடி இருக்குன்னு காலடியால எண்ணுங்க. நான் எங்க ஆயா தெருவுல எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 11.

கிணத்தைச் சுத்தி வரப்போற அந்த நாலையும் சேர்த்தா, 15.